கயிறு தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் விதம்

மலைப் பகுதியில் மீட்புப் பணியாளர்கள் ஒரு மரத்தடியில் கயிற்றைக் கட்டும்போது உற்றுப் பாருங்கள். கயிற்றை அடிமரத்தைச் சுற்றி மூன்று நான்கு சுற்று சுற்றுவார்கள். மிஞ்சிய நுனியில் ஒரு கண்ணி போட்டு, அதைக் காரபைனர் கொக்கியால் கயிற்றின் நீண்ட பக்கத்தோடு தளர்வாக மாட்டிவைப்பார்கள். அவ்வளவுதான் வேலை. பள்ளத்தில் அடிபட்டுக் கிடப்பவர், அவரைத் தூக்க இறங்கியவர், ஸ்ட்ரெச்சர் என மொத்தப் பாரமும் அந்தச் சுற்றுகளில் நிற்கும். பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கொக்கியைத் தொட்டால் அது லொடலொடவென்று ஆடும். மரத்தின் மறுபக்கத்தில் இரண்டு பேரின் எடை இழுத்துக்கொண்டிருப்பது நுனிக்குத் தெரியவே தெரியாது.

காரணம் உராய்வு. கயிறு மரத்தைத் தொட்டு வளையும் ஒவ்வொரு அங்குலத்திலும் மரம் அதன் இழுவிசையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தது போக மீந்ததுதான் அடுத்த அங்குலத்துக்குப் போகிறது. அங்கே அந்த மீதியிலும் ஒரு பங்கு கழிகிறது. இப்படி மீதியில் மீதி என்று போவதால் இழுவிசை மடங்குக் கணக்கில் சரிகிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதற்கு ஒரு சூத்திரம் கண்டார். ஜெர்மானியப் பொறியாளர் ஐடெல்வைனின் பெயரும் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. உராய்வெண்ணை 0.25 என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு பக்கம் 100 கிலோ இழுக்கும்போது மறுபக்கம் பிடித்து நிறுத்தத் தேவைப்படுவது ஒரு சுற்றுக்கு 21 கிலோ, இரண்டு சுற்றுக்கு 4.3 கிலோ. மூன்றாவது சுற்றோடு அது ஒரு கிலோவுக்கும் கீழே போய்விடும். துறைமுகத்தில் ஒற்றை ஆள் கப்பலின் வடத்தைத் தறியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்க முடிவதும் இந்தக் கணக்கால்தான்.

அந்தச் சூத்திரத்தில் தறியின் பருமனுக்கு இடமே இல்லை. ஆலமரமானாலும் இரும்புக் குழாயானாலும், உராய்வு ஒன்றாக இருக்கும்வரை எத்தனை சுற்று என்பது மட்டுமே கணக்கு. பருமன் வேறொரு வகையில் முக்கியமாகிறது. ஒல்லியான குழாயில் கயிறு சடாரென்று மடங்க நேர்வதால் அதன் பலம் குறையும். பருத்த மரத்தில் வளைவு பெரிது என்பதால் கயிறு தன் முழு பலத்தையும் வைத்துக்கொள்ளும்.

முகாம், மலையேற்றம், வெளிவேலை என்று கயிறு புழங்கும் இடமெல்லாம் பயன்படும் முடிச்சுகளைப் படங்களாக மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இந்த ஒரு விஷயத்தை விரல்களில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மரத்தைச் சுற்றும்போது பிடிப்பது மரம். முடிச்சில் மரம் கிடையாது. கயிற்றின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு மரமாக நிற்கிறது. பாரம் ஏற ஏற அது நுனியை இன்னும் அழுத்தும். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் நுனி நழுவாது. நல்ல முடிச்சு எதை அவிழ்த்துப் பார்த்தாலும் உள்ளே இந்த ஏற்பாடு இருக்கும். புது முடிச்சு ஒன்றைக் கற்கும்போது நுனியை நசுக்கிப் பிடிப்பது எந்த வளைவு என்று தேடுங்கள். பாரம் விட்டுவிட்டுத் துள்ளினால் அந்தப் பிடி என்ன ஆகும் என்றும், வேலை முடிந்தபின் அதைத் தளர்த்த எங்கே அமுக்க வேண்டும் என்றும் பாருங்கள். இவற்றுக்கு விடை தெரிந்த ஆறு முடிச்சுகள், விடை தெரியாத அறுபது முடிச்சுகளைவிட மேல்.

சாரணர் இயக்கத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரப்படும் முடிச்சுகளில் ஒன்று ரீஃப் முடிச்சு. உலகச் சாரணர் சின்னத்தைச் சுற்றி வரும் கயிறுகூட அடியில் இந்த முடிச்சால்தான் கட்டப்பட்டிருக்கிறது. வலது நுனியை இடதின்மேல் போட்டு ஒரு சுற்று, பிறகு இடதை வலதின்மேல் போட்டு ஒரு சுற்று. பார்க்க அழகாகத் தட்டையாக அமரும். இரண்டாவது சுற்றையும் முதல் சுற்றின் போக்கிலேயே போட்டுவிட்டால் கிடைப்பது கிரானி முடிச்சு. அது கோணலாக அமர்ந்து, இழுத்தால் நழுவும். இவை இரண்டிலும் கயிறு தன்னைக் கடக்கும் இடங்கள் எண்ணிக்கையில் ஒன்றுதான். இருந்தும் ஒன்று பிடிக்கிறது, மற்றது வழுக்குகிறது. மாலுமிகள் பல நூற்றாண்டுகளாக அனுபவத்தில் அறிந்த இதற்குச் சரியான இயற்பியல் விளக்கம் கிடைத்தது மிகச் சமீபத்தில்தான்.

2020 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் எம்ஐடி ஆய்வாளர்கள் விஷால் பாட்டீல், யோர்ன் டன்கெல் முதலானோர் எழுதிய கட்டுரை ஒன்று வெளியானது. இழுத்தால் நிறம் மாறும் ஒருவகை இழையில் அவர்கள் முடிச்சுப் போட்டார்கள். எங்கே இறுக்கம் அதிகமோ அங்கே நிறம் மாறித் தெரியும். அதைக் கணினி மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கடப்புகளின் எண்ணிக்கையோடு வேறு இரண்டும் முடிச்சின் பிடியைத் தீர்மானிப்பது தெரிந்தது. இரண்டு இழைகள் ஒன்றையொன்று கடந்து உரசும் இடத்தில் ஒவ்வொன்றும் தன் அச்சில் சற்றே உருள முயலும். பக்கத்துக் கடப்புகளில் இந்த உருளல் எதிரெதிர் திசையில் அமைந்தால் முறுக்குகள் ஒன்றையொன்று மடக்கிப் பூட்டிவிடும். எல்லாம் ஒரே திசையில் உருண்டால் கயிறு உருண்டபடியே வெளியே வந்துவிடும். ரீஃப் முடிச்சில் எதிர் முறுக்கு, கிரானியில் ஒரே முறுக்கு. இன்னொன்று, அடுத்தடுத்துக் கிடக்கும் இழைகள் எதிரெதிர் திசையில் நகர முயல வேண்டும். சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் அவற்றுக்கிடையே உராய்வு எங்கிருந்து வரும்?

இவ்வளவு சொன்ன பிறகும், இரண்டு கயிறுகளை இணைத்து அதில் ஆளையோ பாரத்தையோ தொங்கவிட ரீஃப் முடிச்சைப் பயன்படுத்தவே கூடாது. கிரானியைவிட நல்லது என்பதால் அது நல்ல முடிச்சாகிவிடாது. அதன் ஒரு நுனியைப் பிடித்து வெட்டி இழுத்துப் பாருங்கள்: முடிச்சு புரண்டு, அந்தக் கயிறு நேராகிவிடும், மற்றக் கயிறு அதன்மேல் வெறும் வளையமாகத் தொங்கி, வழுக்கி உருவிக்கொண்டு வரும். பாய்மரக் கப்பலில் பாயைச் சுருட்டிக் கட்டியவர்களுக்கு இந்தக் குணம் வசதி, ஒரே இழுப்பில் அவிழ்க்கலாம். கட்டுத்துணி கட்டவும் பொட்டலம் கட்டவும் அது போதும். 3,800க்கும் மேற்பட்ட பதிவுகளுக்கு எண்ணிட்டு 1944இல் முடிச்சுகளின் பெருநூலை வெளியிட்ட கிளிஃபர்ட் ஆஷ்லி, கயிறு இணைக்க இதைப் பயன்படுத்துவது உயிர்களைக் காவு வாங்கியிருக்கிறது என்று கடுமையாகவே எச்சரித்திருக்கிறார். பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கும்போதே இந்த எச்சரிக்கையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

இணைப்புக்கு ஷீட் பெண்ட் இருக்கிறது. தடித்த கயிற்றை மடித்து ஒரு கொண்டை செய்து, மெல்லிய கயிற்றை அதன் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, மடிப்பின் இரு கால்களையும் பின்னால் சுற்றி, தன் அடியிலேயே நுழைக்க வேண்டும். தறியில் அறுந்த இழையை நெசவாளர் சேர்க்கும் முடிச்சும், மீன் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் விழும் முடிச்சும் அமைப்பில் இதுவே. தார்ப்பாயின் மூலையில் வளையம் கிழிந்துபோனால், மூலையையே மடித்துப் பிடித்து இந்த முடிச்சைப் போட்டுக் கயிறு கட்டலாம். மழை நேரத்தில் இது ஒன்று தெரிந்தால் முகாமே தப்பும். வழவழப்பான கயிறு என்றால் பின்சுற்று ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள்.

ஷீட் பெண்டின் தடித்த கயிறும் மெல்லிய கயிறும் ஒரே கயிற்றின் இரு பகுதிகளாக இருந்தால் அதுதான் போலைன். கப்பல்காரர்கள் முடிச்சுகளின் அரசன் என்று கொண்டாடும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சுண்டுவிரல் பருமனுள்ள கயிறு இரண்டு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்கப்போகும் நீண்ட பகுதி உங்களைவிட்டு விலகி எதிரே கிடக்கட்டும், நுனி உங்கள் பக்கம் இருக்கட்டும். நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கயிற்றில் சின்னக் கண்ணி ஒன்று செய்யுங்கள். கண்ணி மூடும் இடத்தில் நுனிப் பக்கம் மேலாகவும் நீண்ட பக்கம் கீழாகவும் கடக்க வேண்டும். முழுச் சூட்சுமமும் இந்த ஒரு கடப்பில் இருக்கிறது. இனி நுனியைக் கண்ணியின் அடியிலிருந்து மேலே எடுத்து, நீண்ட பக்கத்தின் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றி, வந்த வழியே கண்ணிக்குள் கீழே இறக்குங்கள். ஒரு கையில் நீண்ட பக்கத்தையும், மறு கையில் நுனியையும் அதை ஒட்டிய வளையக் காலையும் சேர்த்துப் பிடித்து இறுக்குங்கள். கண்ணி சுருங்கி, உள்ளே கிடக்கும் இரண்டு இழைகளையும் கவ்வும். பாரம் அந்தக் கண்ணியை இறுக்க இறுக்க, நுனி அதற்குள் சிறைப்படும். ஆரம்பத்தில் கடப்பைத் தலைகீழாகப் போட்டிருந்தால் எதுவும் பூட்டாது, கையோடு பிரிந்து வரும்.

அவிழ்ப்பதும் இதில் அழகு. எத்தனை பாரம் தாங்கியிருந்தாலும், நீண்ட பக்கத்தைச் சுற்றி நிற்கும் அந்த வளைவைக் கட்டைவிரலால் முன்னே தள்ளுங்கள். முதுகெலும்பு முறிந்ததுபோல் முடிச்சு தளர்ந்துவிடும். மரத்தில் கயிறு கட்ட, படகைத் தறியில் பிணைக்க, கிணற்றுக்குள் வாளி இறக்க இதற்கு ஈடு இல்லை.

ஆனால் பாரம் நீங்கி நீங்கி வரும் இடத்தில் போலைனை நம்பிவிடக் கூடாது. பூட்டுவது பாரம் என்பதால், பாரம் இல்லாதபோது பூட்டும் இல்லை. விறைப்பான புதுக் கயிறு என்றால் சும்மா உதறினாலே அவிழ்ந்துவிடும். 2017இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஷூ நாடா ஏன் நடக்க நடக்க அவிழ்கிறது என்று ஆராய்ந்தார்கள். பாதம் தரையில் மோதும்போது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது. காலை வீசும்போது நாடாவின் தொங்கும் நுனிகள் சாட்டைபோல் வெளியே இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் முடிச்சு ஓடும். நுனிகள் வீசாமல் வெறும் அதிர்ச்சி மட்டும் போதாது. காற்றில் படபடக்கும் தார்ப்பாயிலும், பாறையில் ஏறுபவரின் இடுப்பில் ஆடிக்கொண்டிருக்கும் முடிச்சிலும் நடப்பது இதே கதைதான். போலைனின் நுனியைக் குறைந்தது ஒரு சாண் விடவேண்டும், மீந்ததை வளையக் காலில் ஒரு தடுப்பு முடிச்சாகக் கட்ட வேண்டும் என்று சொல்வதன் பொருள் இங்கே புரியும்.

மலையேறிகள் ஒரு காலத்தில் கயிற்றை நேரே இடுப்பைச் சுற்றிப் போலைனால் கட்டிக்கொண்டார்கள். இன்று ஹார்னஸ் பட்டையில் எட்டு முடிச்சைத்தான் போடச் சொல்கிறார்கள். கயிற்றில் முதலில் எட்டு வடிவம் ஒன்று கட்டி, நுனியை ஹார்னஸில் நுழைத்து, அந்த எட்டின் தடத்திலேயே திரும்பி நடத்தி வருவது இதன் முறை. போலைனைவிடக் கயிறு அதிகம் தேவை, விழுந்து இறுகிவிட்டால் அவிழ்க்க நகம் தேயும். என்றாலும் அதிர்ச்சியில் தளராது. சரியாகக் கட்டினால் முடிச்சு முழுக்க இழைகள் ஜோடி ஜோடியாக ஓடும், எங்கும் ஒற்றை இழை தென்படாது. பக்கத்தில் நிற்பவர் இரண்டு விநாடி பார்த்தாலே சரியா தவறா என்று சொல்லிவிடலாம். இன்னொருவர் கண்ணால் சோதிக்க முடிவது ஒரு முடிச்சின் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன், அது உராய்வெண்ணுக்குக் குறைந்த விஷயமல்ல.

1989இல் தென் பிரான்சின் செங்குத்துப் பாறை ஒன்றில் அமெரிக்க வீராங்கனை லின் ஹில் ஏறினார். அப்போதே அவர் உலகின் முன்னணிப் பாறையேறிகளில் ஒருவர். ஹார்னஸில் கயிற்றை நுழைத்தவர், கவனம் சிதறி முடிச்சை முடிக்காமல் விட்டுவிட்டார். மேல்சட்டை அந்த இடத்தை மறைத்திருந்தது. உச்சிவரை ஏறிக் கயிற்றில் சாய்ந்தபோது கயிறு உருவிக்கொண்டு போனது. ஏறத்தாழ 22 மீட்டர் விழுந்து, ஒரு மரத்தின் கிளைகள் வேகத்தைத் தடுத்ததால் உயிர் பிழைத்தார். 1993இல் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையில் ‘நோஸ்’ தடத்தைக் கயிற்றில் தொங்கி ஓய்வெடுக்காமல், கருவிகளைப் பிடித்து ஏறாமல் முதன்முதலாக ஏறி முடித்தவரும் அவரே. பெரும் திறமைசாலிக்கே இது நேர்ந்தது என்பதால்தான், ஏறுபவரும் கீழே கயிறு பிடிப்பவரும் தரையை விட்டு எழுமுன் ஒருவர் முடிச்சை ஒருவர் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தைப் பயிற்சியாளர்கள் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

முடிச்சுப் பேச்சு எடுத்தாலே, எந்த முடிச்சு கயிற்றின் பலத்தில் எத்தனை சதவீதத்தைத் தின்கிறது என்ற பட்டியலை யாராவது எடுத்து நீட்டுவார்கள். தின்பது உண்மை. எட்டு முடிச்சில் ஏறத்தாழ கால் பங்குவரை போகலாம், மோசமானவற்றில் பாதியே போகும். கயிறு வளையும்போது வெளிப்பக்க நார்கள் கூடுதலாக நீள்கின்றன, பாரம் முழுவதும் அவற்றின்மேல் விழுகிறது. போலந்து இயற்பியலாளர் பியோட்டர் பியரான்ஸ்கியின் குழு 2001இல் இதை வேடிக்கையான பொருளில் சோதித்தது: வெந்த ஸ்பகெட்டியில் முடிச்சுப் போட்டு இழுத்தார்கள், மீன்பிடி இழையிலும் பார்த்தார்கள். முடிச்சின் நடுவில் அறும் என்று எதிர்பார்க்கலாம். அறுவதோ கயிறு முடிச்சுக்குள் நுழையும் வாசலில்தான். அங்கே பாரம் முழுதாக இருக்கிறது, வளைவும் தொடங்கிவிட்டது. உள்ளே போகப்போக உராய்வு பாரத்தைக் கழித்துவிடுவதால் நடுப்பகுதி தப்பித்துக்கொள்ளும். அந்தக் குழுவில் இருந்த ஜாக் டுபோஷே பின்னாளில் வேறொரு கண்டுபிடிப்புக்காக 2017இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனாலும் அந்தச் சதவீதப் பட்டியல் நடைமுறையில் தேவைக்கு மீறிய மதிப்பைப் பெற்றுவிட்டது. மலையேற்றக் கயிறு பரிசோதனையில் 80 கிலோ எடை கடுமையாக விழும்போதுகூட 12 கிலோநியூட்டனுக்கு மேல் விசை வராதபடி நீண்டு தாங்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. மீட்புப் பணிக்கான 11 மில்லிமீட்டர் கயிறு 30 கிலோநியூட்டன் அளவு தாங்கும். கால் பங்கு போனாலும் மிச்சம் தாராளம். நல்ல கயிறு முடிச்சில் அறுந்து விபத்து நேர்வது அரிது. முடிச்சு நழுவுவது, பாதியில் விடப்படுவது, கூர்மையான பாறை விளிம்பில் கயிறு உரசி அறுவது, இவைதான் ஆளைக் கொல்கின்றன.

கூடாரத்துக்கு வருவோம். இரவு மழை பெய்தால் காலையில் நைலான் கயிறுகள் தொய்ந்து கிடக்கும், ஏனென்றால் நைலான் நீரை உறிஞ்சி நீளும். பருத்தி, சணல் போன்ற இயற்கை நார்க் கயிறுகளில் நேர்மாறு: நனைந்த நார் பருக்கிறது, பருத்த நாரைச் சுற்றிச் செல்லும் புரிக்கு நீளம் பற்றாமல் போகிறது, கயிறு குறுகி இறுகுகிறது. அந்தக் காலக் கூடாரங்களில் மழை வந்தால் கயிற்றைத் தளர்த்த வேண்டியிருந்தது, இன்று இறுக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் பயன்படுவது டாட்லைன் ஹிட்ச். முளையைச் சுற்றித் திரும்பி வரும் நுனியால், நீண்ட பக்கத்தின்மேல் வளையத்துக்கு உள்ளே இரண்டு சுற்றுப் போட்டு, பிறகு வளையத்துக்கு வெளியே, கூடாரத்தின் பக்கமாக, அதே போக்கில் ஒரு அரைமுடிச்சுப் போட வேண்டும். முடிச்சைக் கையில் பிடித்துக் கூடாரத்தை நோக்கித் தள்ளினால் கயிறு இறுகும், முளையை நோக்கித் தள்ளினால் தளரும். கையை எடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். பாரம் வந்ததும் நீண்ட பக்கம் முடிச்சுக்குள் லேசாக மடங்கி வளைகிறது; அந்த வளைவுகளில் உராய்வு ஏறி நகரவிடாமல் பிடிக்கிறது. கையால் தள்ளும்போது கயிறு நேராகி வழிவிடுகிறது.

இதே தந்திரம்தான் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் விளக்கிய, அவர் பெயராலேயே வழங்கும் புரூசிக் முடிச்சிலும். 10 அல்லது 11 மில்லிமீட்டர் கயிற்றின்மேல் 6 மில்லிமீட்டர் கயிற்று வளையம் ஒன்றை மூன்று சுற்று உள்ளே உள்ளே நுழைத்து இழுத்தால் போதும். சும்மா இருக்கும்போது மேலும் கீழும் ஓடும், ஆள் தொங்கினால் கடித்துக்கொள்ளும். இரண்டு புரூசிக், காலுக்கும் இடுப்புக்கும் ஒன்றொன்று இருந்தால், பனிப்பிளவில் விழுந்தவர் தொங்கும் கயிற்றிலேயே ஏறி வெளியே வரலாம். உள்கயிறு பருத்தும் சுற்றுக்கயிறு மெலிந்தும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பருமன் என்றால் பிடி சரியாக வராது. கயிறு நனைந்தோ பனி உறைந்தோ இருந்தால் ஒரு சுற்றுக் கூட்ட வேண்டும். உராய்வெண் குறையும்போது சுற்றைக் கூட்டி ஈடுகட்டுகிறோம், ஆய்லர் சூத்திரம் சொன்னதும் அதைத்தான்.

கயிற்றின் பொருள் மாறினால் முடிச்சும் மாறியாக வேண்டும் என்பதை நம் ஊர்க் கட்டடத் தெருக்களிலேயே பார்க்கலாம். சவுக்குக் கழிகளைத் தென்னை நார்க் கயிற்றால் பிணைத்து சாரம் கட்டுகிறவர்கள் நாலு சுற்றுச் சுற்றி, குறுக்கே நெருக்கி இழுத்து, நுனியை முறுக்கி உள்ளே சொருகிவிட்டுப் போகிறார்கள். அதன்மேல் ஆட்கள் நின்று செங்கலும் சாந்தும் ஏற்றுகிறார்கள். தென்னை நாரின் சொரசொரப்பு அவ்வளவு உராய்வைத் தருகிறது. அதே கட்டை வழவழப்பான நைலானில் கட்டினால் சொருகிய நுனி சிறிது நேரத்தில் வெளியே வந்துவிடும். குறுக்கே நெருக்கி இழுக்கும் அந்தச் சுற்றுதான் இதில் உயிர்: முதலில் போட்ட சுற்றுகள் கழிகளை அணைக்கின்றன, நெருக்குச் சுற்று அந்தச் சுற்றுகளையே பக்கவாட்டில் இழுத்து விறைக்க வைக்கிறது. முகாமில் கழிகளைச் சேர்த்து மேசையோ சமையல் மேடையோ கட்டும்போது பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆணி ஒன்றும் இல்லாமல் மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் கரையோர அலையில் நெளிந்து கொடுத்ததும், கரையேறியபின் பிரித்துக் காயவைக்க முடிந்ததும் கட்டின் குணத்தால் வந்தவை.

புதிய இழைகள் எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன. டைனீமா எடைக்கு எடை எஃகைவிடப் பலமானது. ஆனால் மெழுகுபோல் வழுக்கும். நைலானில் காலகாலமாக நம்பப்படும் இரட்டை மீனவர் முடிச்சு இதில் நழுவக்கூடும் என்பதால் மூன்று சுற்றுப் போடச் சொல்கிறார்கள். உருகுநிலையும் 150 டிகிரி செல்சியசுக்குள்தான், நைலான் 200ஐத் தாண்டியும் தாங்கும். நைலானுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை: நின்றிருக்கும் நைலான் பட்டையின் ஒரே இடத்தில் ஓடும் நைலான் கயிறு உரசினால், அந்த இடம் சில விநாடிகளில் வெந்து அறுந்துவிடும். கயிறு ஓட வேண்டிய இடத்தில் எப்போதும் உலோகக் காரபைனர் நடுவே இருக்க வேண்டும்.

லாரிகளில் தார்ப்பாய் கட்டுபவர்கள் போடும் இழுமுடிச்சையும் கற்றுக்கொள்ளுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி செய்து, நுனியைக் கீழே கொக்கியில் மாட்டித் திருப்பி, அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுப்பது. கப்பி கணக்குப்படி மூன்று மடங்கு விசை கிடைக்க வேண்டும். கயிறு கயிற்றிலேயே உரசுவதால் நடைமுறையில் இரண்டு மடங்குகூடத் தேறாது. அதுவே போதுமானதற்கு மேல். இழுத்ததை இழந்துவிடாமல் பிடித்துக்கொண்டு கட்டவும் அந்த உராய்வே உதவுகிறது.

கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவர்களுக்கு: மெல்லிய நூலில் பழகாதீர்கள். அதில் முடிச்சின் உருவம் தெரியாது. எட்டு மில்லிமீட்டர் பருமனில், இரு வேறு நிறங்களில் இரண்டு துண்டுக் கயிறு வாங்குங்கள். எந்த இழை எதை நசுக்குகிறது என்று நிறமே காட்டிக்கொடுக்கும். கட்டியதும் இழைகளை விரலால் நீவி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படியவைத்து, எல்லா முனைகளையும் தனித்தனியாக இழுத்து இறுக்குங்கள். ஒழுங்குபடுத்தாத முடிச்சு பாரம் விழும்போது தானாகவே ஒழுங்குபட முயலும், நழுவல் அங்கேதான் தொடங்கும். போலைன், எட்டு முடிச்சு, ஷீட் பெண்ட், முழுச்சுற்றோடு இரண்டு அரைமுடிச்சு, டாட்லைன், புரூசிக், இவை கைக்கு வந்தபின் கண்ணை மூடிக்கொண்டு கட்டுங்கள், கையுறை போட்டுக்கொண்டு கட்டுங்கள், கயிற்றை நனைத்துக் கட்டுங்கள், மரத்தின் மறுபக்கம் கையை நீட்டிப் பாராமல் கட்டுங்கள். உயிரைத் தொங்கவிடும் கட்டுகளை மட்டும் அனுபவமுள்ள பயிற்சியாளர் நேரில் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை தரையிலேயே வைத்துப் பழகுங்கள்.